மூன்றாம் பாட்டின் முதல் நாற்பது நொடி

பம்பாய், மாதுங்கா
30-6-1987

அன்புள்ள கஜா,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அதைத் தவிர எனக்குக் குறையில்லை. நீயும் மாமாவும் காஞ்சனாவும் சுகம் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வந்துவிட்டது.

நம் இங்கிலீஷ் ராக் கோஷ்டி டின் வல்ச்சரின் நாலாவது ஆல்பம். நடைபாதையில் கேசட் விற்கிறவன் என்னைப் பார்த்ததுமே சாக்குக்கு அடியில் கையை விட்டான். நாம் மூன்று வருஷம் காத்திருந்ததை ஒரு பீடியைப் போல எடுத்து நீட்டினான். அட்டையில் நாலு பேரும் நிற்கிறார்கள். டிரம்ஸ்காரர் இன்னும் அச்சு அசல் நம் பள்ளிப்பட்டு நூல் வியாபாரிதான், மீசை மட்டும் நரைத்திருக்கிறது. பாடுகிறவன் முடியை வெட்டிவிட்டான். கனகம்மாசத்திரத்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு 'திருப்பதி, திருப்பதி' என்று கத்தும் ஆளின் சாயல் போய்விட்டது. ஆனாலும் நமக்கு அவன் கண்டக்டர்தான்.

நல்ல ஜப்பான் கேசட்டில், அறைக்காரனின் டெக்கில் பிரதி எடுத்துப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். எடுக்கும்போது சத்தத்தை முழுக்க மூடிவைத்தேன். இன்னும் கேட்கவில்லை. பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை, தறி லீவு நாள். நீ அங்கே, நான் இங்கே. காலை பத்து மணி. ஒரே உட்காரலில், ஒரே ஒரு முறை, உடனே எழுதித் தபாலில் போட வேண்டும். மற்றவன் கடிதத்தைப் பார்த்த பிறகு ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. இரண்டாம் தடவை கேட்டால் நாம் அவர்களுக்கு வக்கீலாகிவிடுகிறோம்.

ஆபீஸ் போகிறது. பாலிசி எண்கள். செத்தவர்களின் தேதிகள். அறையில் நாலு பேர், எங்கே நின்றாலும் யாருக்காவது இடைஞ்சல். நேற்று தாதரில் இறங்கினேன். எதற்கு இறங்கினேன் என்று தெரியவில்லை. அடுத்த வண்டியில் ஏறித் திரும்பினேன்.

கொட்டகையில் என் பங்கு நாலு விசைத்தறிக்கு ஆள் கிடைத்ததா? மாமாவின் நாலையும் ஓட்டிக்கொண்டு இதையும் நீ எப்படிப் பார்ப்பாய்? போன கடிதத்திலும் கேட்டேன்.

அன்புடன்
துளசிங்கம்


திருத்தணி
10-7-1987

அன்புள்ள பாவாவுக்கு,

எல்லோரும் நலம். நைனாவுக்கு முழங்காலில் வலி. அது வலி என்று அவர் ஒப்புக்கொள்ளாததால் அதையும் நலத்திலேயே சேர்த்துக்கொள்.

தறிகளுக்குச் சாம்பிராணி காட்டி முடித்து மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். சரியாகப் பத்து மணி. கேட்டு முடித்த கையோடு எழுதுகிறேன்.

முதல் பாட்டு நன்றாக இருக்கிறது. கிடார் இரண்டும் சேர்ந்து வரும்போது சரக்கு வண்டி பிளாட்பாரத்தை ஒட்டிப் போகிற மாதிரி மார்பில் தட்டியது. எழுந்து நின்றுவிட்டேன். இரண்டாம் பாட்டில் கண்டக்டருக்கு என்ன ஆயிற்று? முன்பெல்லாம் அவன் கத்தினால் ஒவ்வொரு சொல்லும் பல்லைக் காட்டும். இப்போது வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பாடுகிறான். ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. மூன்றாம் பாட்டின் தொடக்கத்தில் நாற்பது நொடி வெறும் டேப் ஓடுகிறது. ஆல்பமே அப்படியா, உன் பிரதியில் விட்டுப்போனதா? பிறகு திடீரென்று கிடார்.

பள்ளிப்பட்டாரைப் பற்றிச் சொல்லவே மனசு வரவில்லை. பெரிய டிரம் இருக்கிறது, சின்னது இருக்கிறது. அந்தப் பித்தளைத் தட்டுகள் எங்கே? விற்றுத் தின்றுவிட்டாரா? மொத்த ஆல்பத்தின் மேலும் யாரோ ஈரச் சாக்கைப் போர்த்தியிருக்கிறார்கள். ஒரே வரியில் கேட்டால்: கிழமாகிவிட்டார்கள், பாவா.

நடுவில் நைனா மாடிக்கு வந்து கதவை இடித்தார். "என்னாடா இது, வாரம் பூரா எட்டு தறி ஓடுற சத்தம் போதலியா? லீவு நாள்லயும் தறியப் போட்டுக் கேட்டுக்கினு உக்காந்துகினுகிற!"

உன் தறிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன். எட்டும் ஒன்றுதான்.

இப்படிக்கு
கஜபதி


பம்பாய்
10-7-1987

கஜா,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை. மன்னி.

ஆபீஸுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். முழுப் பொய்யும் இல்லை. ஹெட்போன். ஜன்னல் சாத்தியிருந்தது.

தட்டுகள். எல்லாம் தட்டுகள். இந்த ஆல்பத்தைத் தட்டுகளால்தான் கட்டியிருக்கிறார்கள். கிடார் சுவர் என்றால் அதற்கு மேலே ஓடுகிற வெளிச்சம் முழுவதும் பள்ளிப்பட்டாருடையது. கண்டக்டர் முடியோடு கூச்சலையும் வெட்டிவிட்டான். சொற்களைக் கடித்துத் துப்புகிறான்.

மூன்றாம் பாட்டு. முதல் நாற்பது நொடி கிடார் இல்லை, குரல் இல்லை. ஒரே ஒரு தட்டு. குச்சி நுனியால் தொடுகிறார். அடிக்கவில்லை, தொடுகிறார். ஒன்றின் ரீங்காரம் தீர்ந்ததும் அடுத்தது. பக்கத்து அறையில் யாரோ கண்ணாடி வளையல்களைத் தூங்குகிற ஆள் எழாதபடி கழற்றி வைக்கிற மாதிரி. பதினைந்து வருஷம் கூச்சலே தொழிலாக இருந்த ஆட்கள். இத்தனை மெல்ல.

அழுதேன் என்று எழுத மாட்டேன். அறைக்காரன் இருந்தான்.

இதுதான் அவர்களுடைய சிறந்த ஆல்பம். அந்த நாற்பது நொடிக்காக.

துளசிங்கம்


திருத்தணி
21-7-1987

அன்புள்ள பாவாவுக்கு,

உன் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் வழக்கம் போல.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாம் இருவரும் ஒரே ஆல்பத்தைத்தான் கேட்டோமா? நீ எழுதியிருக்கும் நாற்பது நொடி என் கேசட்டில் கிடையாது. மறுபடி போட்டுப் பார்த்தேன். (தீர்ப்பை மாற்றுவதற்கு இல்லை, பழுது பார்ப்பதற்கு. அது விதியில் வராது.) ஒன்றுமில்லை.

பழைய மூன்று ஆல்பங்களையும் எடுத்துப் போட்டேன். அவற்றிலும் தட்டுகள் மங்கிப்போயிருக்கின்றன. ஆக, கேசட்டில் குறையில்லை. டேப் ரெக்கார்டர்தான் போயிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ரேடியோ ரிப்பேர் பங்காருவிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் எதையோ இப்படியும் அப்படியும் திருப்பினான். மூன்றாம் பாட்டைப் போட்டுக் காதை அருகில் வைத்துக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். கடை வாசலில் சோளிங்கர் பஸ் உறுமிக்கொண்டு நின்றதால் காதில் விழவில்லை.

பெல்ட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன். உன்னால் முடிந்தால் இன்னொரு பிரதி, இன்னும் கொஞ்சம் சத்தமாக ஏற்றி அனுப்பு.

இப்படிக்கு
கஜபதி


பம்பாய்
3-8-1987

அன்புள்ள கஜா,

நலம். மாமாவின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் சொல்கிறார்கள், பார்சலில் வைத்திருக்கிறேன். கூடவே இரண்டாவது பிரதி. டெக்கின் முள் சிவப்பைத் தொடும் அளவுக்குச் சத்தத்தை ஏற்றியிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போ. செட்டின் மேல் பழி, பெல்ட்டின் மேல் பழி. இத்தனை சால்ஜாப்பு உனக்குப் பழக்கமில்லை. பங்காரு என்ன சொன்னான் என்று நீ திரும்பக் கேட்டிருக்கலாம். ஒரு பஸ் எத்தனை நேரம் நிற்கும்?

எரிச்சலாக இருக்கிறது. எதன் மேல் என்று தெரியவில்லை. ஞாயிறு முழுக்க நடந்தேன். கடலைப் பார்த்தேன், அதுவும் இடத்தில் நிற்கவில்லை. இந்த ஊரில் எனக்கு அந்த நாற்பது நொடி மட்டும்தான் அமைதி. அதை உன்னிடம் சொன்னால் அது கேசட்டிலேயே இல்லை என்கிறாய்.

எட்டும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தாய். எட்டுத் தறிக்கு நடுவே ஒரு ஆள் எங்கே நிற்பான்?

உன்
துளசிங்கம்


(அஞ்சலட்டை)
பம்பாய், 22-8-1987

கஜா, சுகமா? பார்சல் வந்ததா? பெல்ட் மாற்றினாயா? என் கடிதம் உறைத்திருந்தால் திட்டி எழுது. எழுதாமல் இருக்காதே. துளசிங்கம்.


திருத்தணி
27-8-1987

மரியாதைக்குரிய துளசி பாவாவுக்குக் காஞ்சனாவின் வணக்கம்.

நீங்கள் அனுப்பிய தைலத்தை நைனா தடவிக்கொள்கிறார், வாசனைக்காக என்று சொல்லிக்கொண்டு. உங்கள் கார்டுக்கு அண்ணன் பதில் எழுதுவான் என்று பார்த்தேன். எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். டைப்ரைட்டிங் வகுப்பில் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்து ஆடுகிறது.

இரண்டாவது கேசட் வந்து இரண்டு நாள் அவன் பிரிக்கவே இல்லை. மூன்றாம் நாள் என்னை மாடிக்குக் கூப்பிட்டான்.

"காஞ்சனா, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத."

"இன்னாண்ணா?"

"மூணாவது பாட்டு போடுறேன். சத்தம் வர்றப்பல்லாம் என் கையத் தட்டு."

நான் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். அவன் டேப்பைப் பார்க்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். கிடார் வந்ததும் தலை நிமிர்ந்தது. "இப்ப வந்துச்சு" என்றான்.

"அதுக்கு முன்னாடியே எத்தினியோ வந்துச்சேண்ணா" என்றேன்.

நிறுத்திவிட்டு டேப் ரெக்கார்டர் மேல் துண்டைப் போட்டு மூடினான். அன்றிலிருந்து அதைத் தொடவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று மலை அடிவாரத்தில் காவடிக் கூட்டத்தில் அவனுக்குப் பின்னால் மூன்றடியில் நின்று நாலு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் நானும் பேசாமல் இருந்தேன். என் புத்தியைப் பாருங்கள்.

நைனாவிடம் சொன்னேன். "தறிக்காரன் காது அப்டித்தான்டி இருக்கும். எனக்கு மட்டும் கேக்குதா? நான் குடும்பம் நடத்தல? நீங்க கொஞ்சம் கத்திப் பேசுங்க, போதும்" என்றார். எங்கள் தெருவில் எல்லோருமே கத்தித்தான் பேசுகிறோம், பாவா. கொட்டாய்க்குள் கையைக் காட்டிப் பேசுகிறார்கள், வெளியே வந்தால் கத்துகிறார்கள். யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று தெரிய வழியே இல்லை.

நீங்கள் போன இந்த இரண்டு வருஷமும் எட்டுத் தறிக்கு நடுவே அவன்தான் நிற்கிறான். நைனா மத்தியானம் கொஞ்ச நேரம் மாற்றிவிடுவார். குற்றமாகச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

நான் எழுதியது அவனுக்குத் தெரிய வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
காஞ்சனா


பம்பாய்
6-9-1987

அன்புள்ள கஜா,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

ஆல்பத்தை மறுபடி கேட்டேன். நீ சொன்னது சரி. தட்டுகள் மங்கல்தான். பதிவு செய்தவன் கெடுத்திருக்கிறான். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே காய்ச்சல் இருந்திருக்கும். மூன்றாம் பாட்டின் தொடக்கத்தில் இருப்பது வெறும் டேப் இரைச்சல். அதைப் போய்த் தட்டு என்று எழுதிவிட்டேன். இதோடு விடுவோம். இனி அவர்கள் பழைய ஆட்கள் இல்லை.

தறி ஓட்டும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வது நல்லதாம். இங்கே மில்களில் எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள். சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

மாமாவுக்கு வணக்கம்.

துளசிங்கம்


திருத்தணி
2-10-1987

பாவாவுக்கு,

கை கால் சுகம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். எங்கேயோ இடித்தது. அப்புறம் பிடிபட்டது. ஆறு வருஷத்தில் நீ ஒரு சொல்லைத் திரும்ப வாங்கியதில்லை. பம்பாய் போனதும் இரண்டாவது ஆல்பத்தைக் குப்பை என்று எழுதினாய். எட்டுப் பக்கம் சண்டை போட்டேன், அசைந்து கொடுத்தாயா? இப்போது நான் கேட்காமலே என் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறாய். அதற்கு அடியில் பஞ்சு. நீ எந்த மில்லுக்குள்ளும் கால் வைத்ததில்லை என்று எனக்குத் தெரியாதா?

காஞ்சனாதான். அவளை ஒன்றும் சொல்லவில்லை.

நானும் சுத்தமில்லை. அன்றைக்குப் பங்காரு கடை வாசலில் எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. அவன் சொன்னது நன்றாகவே கேட்டது. "செட்டு ஜோரா பாடுதுப்பா. தட்டு ஊசி மாதிரி குத்துது, உனுக்குக் கேக்கல?" என்றான். சோளிங்கர் பஸ்ஸை நான்தான் கொண்டுவந்து நிறுத்தினேன்.

போன வாரம் யாருக்கும் சொல்லாமல் சென்னைக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் தோள் அசைவது தெரிந்தது. அது அசையும்போதெல்லாம் அழுத்தினேன். அவர் கதவைத் திறந்தார். "ஊகிச்சு அழுத்தாதீங்க தம்பி. இது பரீட்சை இல்ல. பாஸ் பண்ணி என்ன செய்யப் போறீங்க?" நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்.

தாளில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். பாதி தூரம் மட்டமாக வந்து அப்படியே கீழே விழுகிறது. மேல் சத்தங்கள் போய்விட்டன, வராது. கீழ் சத்தங்கள் இருக்கின்றன. தறியில் நின்றால் அவையும் போகும். எத்தனை நாளில் என்று கேட்டேன். "நீங்க எத்தனை நாள் நிக்கிறீங்களோ, அதப் பொறுத்து" என்றார். நைனாவிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் போய்த் தறியில் நின்றேன். வேறு எங்கே போய் நிற்பது?

நீ பொய் சொன்னாய் என்பதற்காகக் கோபம் இல்லை. பொய்யில் நான் உன்னைவிட ஒன்றரை மாதம் மூத்தவன். கோபம் வேறு. அந்தத் தட்டுகள் உன் பத்தாம் தேதிக் கடிதத்தில் இருந்தன. எனக்கு அவை அங்கே மட்டும்தான் இருந்தன. நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் தீர்ந்து தறி நிற்கிற இடைவெளியில் அந்தத் தாளை எடுத்துப் படிப்பேன். அதை நீ இரைச்சல் என்று எழுதிவிட்டாய். இப்போது எங்கேயும் இல்லை.

திருப்பிக் கொடு. நாற்பது நொடியையும் எழுது. எத்தனையாவது நொடியில் எது வருகிறது, எவ்வளவு பலம், எத்தனை நேரம் நிற்கிறது. ஆறுதல் ஒரு வரி இருந்தாலும் கிழித்துப் போட்டுவிடுவேன்.

கஜபதி


பம்பாய்
13-10-1987

கஜா,

பொய் சொன்னேன். மறுபடி கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அப்படி எழுதக் கை வந்திருக்காது.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அது பொய்கூட இல்லை. அரக்கோணம் பிளாட்பாரம், இரண்டு வருஷத்துக்கு முன். மாமாவிடம் படித்த படிப்புக்கு வேலை என்றேன். உன்னிடம் மட்டும் நிஜத்தைச் சொன்னேன். "இந்தச் சத்தத்துல இன்னும் ஒரு வருஷம் நின்னா செவிடாயிடுவேன்டா." நீ சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தாய். என் தறிகளை யார் ஓட்டப்போகிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியும். வண்டி திருவாலங்காடு தாண்டுவதற்குள் மறந்துவிட்டேன். மறக்க வசதியாக ஜன்னலோர இடம் கிடைத்தது.

இல்லை. பம்பாய் வண்டி திருவாலங்காடு வழியாகப் போகாது. பார், இப்போதும் ஜோடிக்கிறேன். எந்த ஸ்டேஷன் என்று நினைவில்லை. நான் எதையும் பார்த்துக்கொண்டு வரவில்லை.

தறிகளை ஏன் விற்கவில்லை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. இந்த ஊர் ஒத்துவராமல் போனால் திரும்பி வர ஓர் இடம் வேண்டுமே என்று வைத்திருந்தேன். அந்த இடத்தை நீ எனக்காக ஓட்டிக்கொண்டிருந்தாய். இன்று மாமாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். அம்மையார்குப்பம் வேடியப்பன் வெகுநாளாகக் கேட்கிறார், நாலையும் கழற்றி எடுத்துப்போகட்டும். உன் காதைப் பற்றியும் அதில் எழுதினேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். மீதி நாலில் யார் நிற்பது என்று நீங்கள்தான் பேச வேண்டும். அதை இங்கிருந்து எழுத எனக்கு வாயில்லை.

இனி நீ கேட்டது. அறைக்காரனின் கைக்கடிகாரம், ஹெட்போன், பதினோரு முறை.

முதல் நொடி ஒன்றுமில்லை. இரண்டில் முதல் தொடுதல், தட்டின் நடுக் குமிழில். சின்ன மணி போல, ஆனால் மணியைவிட வறண்டது. ஐந்து வரை நிற்கிறது. ஐந்தரையில் இரண்டாவது, அதே இடம், பாதி பலம். ஒன்பதில் விளிம்புக்கு வருகிறார். இங்கே சத்தம் அகலமாகிறது, மணி இல்லை, மணலைச் சல்லடையில் மெதுவாகச் சுற்றுவது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, நொடிக்கு ஒன்று, ஒரே பலம். பதினான்கில் வர வேண்டியது வரவில்லை. வேண்டுமென்றே விடுகிறார். பதினைந்தில் இரண்டாக வருகிறது, இருமல் மாதிரி. பதினேழு முதல் இருபத்தாறு வரை என்னால் எண்ண முடியவில்லை. நுனியால் மிக வேகமாக, மிக மெல்ல, தனித்தனியாகப் பிரியாத அளவுக்கு. கொதிக்கத் தொடங்கும் முன் பாத்திரத்தின் ஓரம். இருபத்தாறில் இந்த நாற்பது நொடியின் ஒரே பலமான அடி. பலம் என்றால் கதவின் மேல் விரல் மடக்கித் தட்டுகிற அளவு. அது கரைந்து இருபத்தொன்பதில் தீர்ந்துவிடுகிறது. இருபத்தொன்பது முதல் முப்பத்து மூன்று வரை நாலு நொடி ஒன்றுமே இல்லை. முப்பத்து மூன்றில் குமிழ், முதலாவதன் அதே இடம். முப்பத்தாறில் இன்னொன்று, அதைக் கையால் பிடித்து நிறுத்திவிடுகிறார், பாதியில் அறுபடுகிறது. பிறகு காற்று. நாற்பதில் கிடார்.

வளையல், தூங்குகிற ஆள் என்றெல்லாம் முன்பு எழுதினேன். அது என் சரக்கு. இதுதான் அவர் வாசித்தது.

துளசிங்கம்


திருத்தணி
6-11-1987, வெள்ளி

அன்புள்ள பாவாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நைனா என்னிடம் பேசி இரண்டு வாரம் ஆகிறது, எனவே அவர் நலத்தைக் காஞ்சனாவிடம் கேட்டு எழுதுகிறேன்: முழங்கால் தேவலை.

அவருக்கு நீ எழுதியதைக் காஞ்சனாதான் படித்துக் காட்டினாள். அவருக்குக் கேட்க வேண்டும் என்று கத்திப் படித்ததில் என் காது விஷயம் தெரு முழுக்கப் போய்விட்டது. எதிர் வீட்டுக் கன்னியம்மாள் அன்று முதல் என்னைப் பார்த்தால் கையை ஆட்டிப் பேசுகிறாள். அவள் சாதாரணமாகப் பேசினாலே ரயில்வே கேட் வரை கேட்கும்.

வேடியப்பன் லாரி கொண்டுவந்தார். நாலு தறியையும் கழற்றி ஏற்றும் வரை நைனா வாசலில் நின்று பார்த்தார். ஏற்றி முடித்ததும் என்னிடம் திரும்பினார். "அவன் பங்க அவன் எடுத்துக்கினு போறான். உனுக்கு இன்னாடா? மிச்சம் நாலு இக்குது இல்ல?"

"நான் நிக்க மாட்டேன் நைனா" என்றேன்.

"இன்னாது?"

நிஜமாகவே கேட்கவில்லையா, காதில் விழுந்தும் திரும்பக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. டாக்டரம்மா கொடுத்த தாளை எடுத்து அவர் கையில் வைத்தேன். கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனார். அது விழுகிற இடத்தில் விரல் நின்றது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகுதான் பேசவில்லை. ஒரு வாரம் தானே நின்று ஓட்டினார். இப்போது ஜம்புலிங்கம் என்று ஓர் ஆள் வருகிறான்.

நான் தெருக்கோடியில் நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு போடும் வேலைக்குப் போகிறேன். வெயில்தான், சத்தம் கிடையாது. முதல் இரண்டு நாள் எனக்கு நிலைகொள்ளவில்லை. கை தானாகத் தறியின் நாடாவைத் தேடியது. ஜம்புலிங்கம் நின்றுவிட்டால் நைனா யாரைப் பார்ப்பார் என்று தெரியும். அப்போது என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

இன்று காலை உன் கடிதத்தை மேஜையில் விரித்து, காஞ்சனாவின் கடிகாரத்தை அதன் மேல் வைத்து, மூன்றாம் பாட்டைப் போட்டேன். ஒரு கையை ஸ்பீக்கரின் மேல் வைத்துக்கொண்டேன். முள் இரண்டுக்கு வந்தது. ஐந்தரை. ஒன்பது. கேட்டேன் என்று எழுத மாட்டேன். ஆனால் வருகிற இடம் தெரிந்தது. பதினான்கில் அவர் விட்டபோது நானும் மூச்சை விட்டேன். மூன்று முறை போட்டேன்.

ஆனால் ஓர் இடத்தில் நீ தவறு செய்திருக்கிறாய். இருபத்தொன்பது முதல் முப்பத்து மூன்று வரை ஒன்றுமே இல்லை என்கிறாய். இருக்கிறது, பாவா. மிகக் கீழே. பேஸ் கிடாரின் தடித்த கம்பியை யாரோ தொட்டு, எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். நாலு நொடியும் நிற்கிறது. உள்ளங்கையில் வந்தது. காஞ்சனாவைக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னேன். "ஆங், வருது, லேசா" என்றாள். என் மனசுக்காகச் சொல்கிறாளோ என்று அவளைக் கண்ணை மூடச் சொல்லி, நான் இஷ்டத்துக்கு நிறுத்தி நிறுத்திப் போட்டேன். நின்ற இடத்தை எல்லாம் சரியாகச் சொன்னாள்.

உன் ஹெட்போனில் அது அகப்படாது. அறைக்காரனிடம் ஸ்பீக்கர் இருக்கும். அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கையை வை. இல்லை என்றால் இல்லை என்றே எழுது, எட்டுப் பக்கம் சண்டை போடத் தாள் வாங்கி வைத்திருக்கிறேன். எனக்காக இருக்கிறது என்று எழுதினாயானால் கண்டுபிடித்துவிடுவேன்.

நைனா உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை. மாடியில் பாட்டு நின்றதும், பம்பாய்க்கு எழுதுகிறானா என்று காஞ்சனாவிடம் கேட்டாராம்.

இப்படிக்கு
கஜபதி